பாதியில் நின்ற முள்

செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு கார் நின்றுபோனால் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பாலோவில் பெண் வீட்டிலிருந்து குளுவாங் கோயிலுக்கு வருகிற வழி. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முதல்நாள் பெய்த மழை பனை மட்டைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மரங்களுக்கு இடையே பனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. பின் இருக்கையில் நானும் கல்யாணப் பெண் சுகுணாவும். முன் இருக்கையில் பூவும் பழமும் அடுக்கிய சீர்த்தட்டுகள். காரை ஓட்டியவர் என் வீட்டுக்காரர் மணியம். சுகுணா அவருடைய அக்கா மகள்.

எங்கள் குடும்பத்தில் தாய்மாமன்தான் பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வேறு யார் கார் வைத்திருந்தாலும், எவ்வளவு பெரிய காராக இருந்தாலும் சரி, அந்த உரிமை அவருக்குத்தான். எங்கள் கார் எழுபதுகளில் வந்த ஜப்பான் கார். வெளிர் நீலம். சுகுணாவைவிட வயதில் மூத்தது. அதற்கு ரோஜா மாலை போட்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளம்பினோம்.

கிளம்பியதிலிருந்தே அவருக்கு என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளின் மேல்தான் கண். "சூடு ஏறுது, மெதுவாப் போலாம்," என்றார். மெதுவாகத்தான் வந்தோம். பிறகு கார் இரண்டு தடவை விக்கியது. என்ஜின் சத்தம் அடங்கிவிட்டது. சக்கரம் மட்டும் கொஞ்ச தூரம் சத்தமில்லாமல் உருண்டு, ஓரமாகப் போய் நின்றது.

"எண்ணெ இருக்கே. முள்ளு பாதியில நிக்குது. எட்டிப் பாரு," என்றார் அவர்.

பெட்ரோலை எங்கள் பக்கம் எண்ணெய் என்றுதான் சொல்வோம். நான் எட்டிப் பார்க்கவில்லை. பெண்ணின் பட்டுச்சேலைக் கொசுவம் என் மடியில் கிடந்தது, வாயில் இரண்டு ஊக்கு இருந்தது. ஊக்கை எடுத்துவிட்டு, "முள்ளப் பாத்து நான் என்ன செய்ய? எறங்கிப் பாருங்க," என்று எரிந்து விழுந்தேன்.

சாவியை அணைத்துவிட்டு இறங்கினார். ஓரத்தில் கிடந்த குச்சியை ஒடித்து, துடைத்து, பெட்ரோல் டாங்கிக்குள் விட்டு எடுத்தார். குச்சி காய்ந்து வந்தது. திரும்பவும் உட்கார்ந்து சாவியைப் போட்டார். இந்தத் தடவை முள் எழவே இல்லை, அடியிலேயே கிடந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கைப்பேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தோட்டத்து லாரிகளும் வரவில்லை. சுகுணா மெதுவாகத் தலையைச் சாய்த்து என் தோளில் தூங்கிப்போனாள். அவள் தலை நிறைய மல்லிகை. அந்த வாசனையும் ஈர மண் வாசனையும் சேர்ந்து, எனக்கே ஏதோ தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. நேரம் போனதே தெரியவில்லை, ஆனால் போய்விட்டது. கடைசியில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பங்களாதேஷ் தொழிலாளிதான் எங்கிருந்தோ பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் குளுவாங் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

கோயில் வாசலில்

தேவகி அண்ணி, அதாவது சுகுணாவின் அம்மா, வாசலிலேயே நின்றிருந்தார். அத்தனை சனத்துக்கும் முன்னால் தம்பியைப் பார்த்து இரண்டே வாக்கியம்தான் சொன்னார்.

"கம்பெனி லாரிக்கு மறக்காம ஊத்துவான். அக்கா மவளுக்குத்தான் மறந்துட்டான்."

இவர் முப்பது வருஷம் செம்பனைப் பழ லாரி ஓட்டியவர். மழையிலும் சேற்றிலும் தோட்டத்துக்கும் பாமாயில் மில்லுக்கும் ஓடிய மனிதர். ஒருநாள்கூட டீசல் இல்லாமல் வழியில் நின்றதில்லை. அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு. அதனால்தான் அந்தச் சொல் அவரை அப்படி அடித்துப் போட்டது.

அய்யர் அடுத்த நல்ல நேரத்தைத் தேடிப் பிடித்து ஒருவழியாகத் தாலி கட்ட வைத்தார். ஆனால் கல்யாணம் நிலைக்கவில்லை. இரண்டாம் வருஷமே சுகுணா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணிக்கு அது போதாதா? நேரம் தப்பிக் கட்டிய தாலி, அதனால்தான் இப்படி, நேரம் தப்ப வைத்தது யார் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். சாவு வீட்டில் பார்த்தால் தலையாட்டுவார். தீபாவளிக்கு ஒரு போன் வரும், அதுவும் என்னிடம்தான். தம்பியின் பெயரைச் சொல்ல மாட்டார்.

கல்யாணத்துக்கு மறுநாள் இவர் காரை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அவர்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, முள் ஒழுங்காக ஏறி இறங்குகிறது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "பாதியிலதான் நின்னுச்சு," என்று என்னிடம் சொன்னார். நான், "சரி விடுங்க, மறதி எல்லாருக்கும் வர்றதுதான்," என்றேன்.

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் முள்ளைப் பற்றி மூச்சு விடவில்லை. எங்கே போனாலும் காரின் பின்னால் ஒரு பெட்ரோல் கேன் இருக்கும். டாங்கியில் விட்டுப் பார்க்க ஒரு மூங்கில் குச்சியும் இருக்கும். வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். நானும் அவரை நம்பவில்லை.

சுகுணாவின் போன்

இதெல்லாம் நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். இந்த வருஷம் ஒரு மத்தியான வேளையில் சுகுணா கூப்பிட்டாள். அவள் இப்போது ஜொகூர் பாருவில் குடியிருந்து தினமும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். திரும்பவும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். மாப்பிள்ளை கூட வேலை பார்ப்பவர், நல்லவராம். அதே குளுவாங் கோயில், சின்னதாக ஒரு கல்யாணம்.

"அத்தை, நான் மாமா காடியிலதான் வருவேன். அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

அந்த நீலக் காரிலா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கென்ன பைத்தியமா, ஒரு தடவை பட்டது போதாதா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அன்னிக்கு முழுக்க என்னை யாரும் எதுவும் கேக்காம இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான், அத்தை. நான் நல்லாத் தூங்குனேன்லா. அப்படியே நின்னுருக்கக் கூடாதான்னு இருந்துச்சு."

அந்தக் கல்யாணம் அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பெண்ணின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறேன், அந்தத் தலைக்குள் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ளாமல்.

அண்ணி சம்மதிக்கவில்லை. வாடகைக்குப் புதுக் கார் சொல்லியாகிவிட்டது என்றார். கல்யாணப் பத்திரிகையை எங்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். சொந்தத் தம்பிக்கு, தாய்மாமனுக்கு, வாட்ஸாப்பில்! முறைப்படி வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு வீட்டுக்கு வந்து அழைக்க வேண்டிய இடம் அது. இவர் போனை என்னிடம் காட்டிவிட்டு, "நாம பின்னால போயி உக்காந்துட்டு வந்துருவோம்," என்றார். நீலக் காரை எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். அதன் மீட்டரில் முதலில் விளக்குகள் செத்தன, அப்புறம் முட்களும் செத்தன. மூன்று வருஷமாகக் கார் போர்வைக்குள் நின்றது. டாங்கியில் இருந்த பழைய பெட்ரோலைக்கூட வடித்துவிட்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில், அந்த மீட்டரை நானே சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முள் சரியாகக் காட்டினால் அவர் மனம் மாறும், சுகுணாவைக் கூட்டிப்போவார், அவர் இழந்த இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பூ வைக்கக் கூடாத இடம்

போன வாரம் இந்தப் பத்தியில் தொழிற்சாலைப் பஸ்ஸைப் பற்றி எழுதியிருந்தேன். தோட்டத்துப் பெண்கள் இருட்டோடு எழுந்து, ஈரத் தலையோடு அந்த பஸ்ஸில் ஏறித் தூங்கிக்கொண்டே போன கதை. அந்த பஸ் எங்களை எங்கே கொண்டுபோய் இறக்கியது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். சர்க்யூட் போர்டு செய்கிற இடம். அங்கே இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தேன். முதலில் ஈயம் பற்றவைத்தேன், பிறகு பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பழுது பார்க்கும் வேலைக்கு உயர்த்தினார்கள்.

அந்தக் கூடத்துக்குள் தலையில் பூ வைக்கக் கூடாது. பவுடர் கூடாது, வாசனைத் தைலம் கூடாது. வெள்ளிக்கிழமை நெற்றியில் வைத்த திருநீற்றைக்கூட வாசலில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புதிதாக வந்த பெண்கள் அழுவார்கள். நான்தான் அவர்களிடம் சொல்வேன், ஒரு சொட்டு ஈரம் போதும் செம்பைத் தின்றுவிடும், முதலில் பச்சை பிடிக்கும், அப்புறம் முடி கனத்துக்கு ஒரு விரிசல் விழும், அப்புறம் போர்டு பொய் சொல்லும் என்று.

ரொம்ப வாய் பேசுகிறவள் நான். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மேசையில்

பழைய கார்களில் மீட்டருக்குப் பின்னால் இருப்பது கட்டியான போர்டு இல்லை. வளைகிற பிளாஸ்டிக் தகடுதான். அதன் மேல் செம்புக் கோடுகள் ஓடும். ஒவ்வொரு முள்ளுக்கும் விளக்குக்கும் அந்தக் கோடுகள் வழியாகத்தான் மின்சாரம் போகும். தாய்லாந்தில் ஒருவர் புதிதாகச் செய்து விற்கிறார் என்று போனில் தேடிக் கண்டுபிடித்தேன். மூன்று வாரம் கழித்து ஓர் உறையில் வந்தது. அப்படி ஒரு பளபளப்பு. சாப்பாட்டு மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் கடைத்தெருவுக்குக் காப்பி குடிக்கப் போயிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. நான் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். உள்ளே பழைய துணி வாசனையும் ஊதுபத்தி வாசனையும் அடைந்து கிடந்தது. மீட்டருக்கு மேலே கூரை மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதன் உச்சியில் நான் ஒட்டிவைத்த சின்னப் பிள்ளையார். அவரைப் பக்குவமாகப் பெயர்த்துத் துணியில் வைத்தேன். மூடியின் திருகுகளைக் கழற்றி, வேகமானியின் கம்பியை விடுவித்து, இரண்டு பிளக்குகளையும் உருவி, மீட்டரை முழுசாக, மூடியோடு கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன்.

திருப்பிப் பார்த்தேன். பச்சை.

தகடு முழுக்க இல்லை. மேலிருந்து கீழே ஒரே வாட்டத்தில் வழிந்த தடம். மேலே எங்கே ஆரம்பிக்கிறது என்று மூடியைப் பொருத்திப் பார்த்தேன். பிள்ளையார் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, மூடியின் இணைப்பு வழியாக. மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷம் கழித்தும் லேசாக ரோஜா வாசனை வந்தது.

பன்னீர்.

கார் வாங்கிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையாருக்குப் பன்னீர் தெளித்துத் திருநீறு போடுவது நான்தான். சுகுணாவின் கல்யாணத்தன்று காலையில் பன்னீர்ச் செம்பில் இருந்ததை அப்படியே கவிழ்த்தேன். நல்ல காரியமாயிற்றே, குறை வைக்கலாமா? தொழிற்சாலையில் கண்ணும் கருத்துமாக இருந்து ஊரான் வீட்டுப் போர்டுகளைக் காப்பாற்றியவள், என் வீட்டுப் போர்டுக்கு அபிஷேகம் செய்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

பூதக்கண்ணாடியை எடுத்துவந்து கோடு கோடாகப் பார்த்தேன். மின்சாரத்தை அளந்து முட்களுக்குக் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டி உண்டு. அந்தப் பெட்டிக்கு எர்த் கோடு சரியாக இருக்க வேண்டும். அது விட்டுப்போனால் பெட்டி அளக்காமல் அள்ளிக் கொடுக்கும். பெட்ரோல் முள், சூட்டு முள் இரண்டுமே உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அந்த எர்த் கோட்டில்தான் முடி கனத்துக்கு விரிசல் விழுந்திருந்தது. கார் குலுங்கினால் ஒட்டும், குலுங்கினால் பிரியும்.

அன்றைக்கு அவர் சூடு ஏறுகிறது என்று சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறியிருக்கிறது. அவர் இறங்கி ஏறிய குலுக்கலில் விரிசல் ஒட்டிவிட, பெட்ரோல் முள் படுத்துவிட்டது.

முள் எழுந்தது

இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் விடக் கூடாது என்று தோன்றியது. செத்துப்போயிருந்த இன்னொரு கோட்டுக்குப் பதிலாக ஒரு துண்டு வயரைப் பற்றவைத்தேன். பழைய தகட்டோடே மீட்டரைக் கொண்டுபோய்ப் பிளக்குகளை மாட்டினேன். இப்போது ஓட்டுகிற எங்கள் சின்னக் காரின் பேட்டரியை இதில் வைத்தேன். மழை போர்ட்டிகோவின் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சாவியைப் போட்டேன்.

டாங்கி காலி. முள் அடியில் கிடந்தது, சரிதான். இப்போது ஒரு பல்குச்சியால் அந்த விரிசலை லேசாகத் தூக்கிப் பிடித்தேன்.

பழைய கார்களின் முள் சட்டென்று குதிக்காது. தூக்கத்திலிருந்து எழுகிறவர் மாதிரி மெதுவாகத்தான் வரும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எழுந்தது. கால் பங்கைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம். பாதியில் வந்து நின்றது.

அந்த மழைச் சத்தத்தில் எவ்வளவு நேரம் பல்குச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கை வலித்தது. அழுதேன். அவர் பார்த்தது பொய் இல்லை. ஒரு நல்ல மனிதனை இத்தனை வருஷமாக மறதிக்காரன் என்று நானும் சேர்ந்து சொல்லியிருக்கிறேன்.

பிறகு செய்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுத் தகட்டை மாட்டினேன். ஒவ்வொரு நட்டையும் கையால் இறுக்கினேன், விளக்குகளைத் திருகினேன், மூடியைப் போட்டேன். பிள்ளையாரைக் காரின் நடுப்பக்கத்துக்கு மாற்றினேன். பழைய தகட்டைச் செய்தித்தாளில் சுற்றி என் சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அவர் வந்து கேட்டபோது, "பழசு, செத்துப்போச்சு," என்று மட்டும் சொன்னேன்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுப் பேட்டரி வாங்கினார், டாங்கியை நிரப்பினார், என்ஜினை ஓடவைத்துவிட்டார். முள் எழுவதைப் பார்த்தார். அப்புறம் இறங்கிப் போய் மூங்கில் குச்சியை எடுத்துவந்து டாங்கிக்குள் விட்டுப் பார்த்தார்.

சுகுணாவைக் கூட்டிப்போகலாம்தானே என்று கேட்டேன். முடியாது என்றார். அவள் வாழ்க்கையோடு இரண்டாம் தடவை விளையாட மாட்டேன் என்றார். என் தலையை நானே நம்பவில்லை என்றும் சொன்னார். அதைச் சாதாரணமாக, காப்பிக்குச் சீனி போதும் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அவர் நிமிர்ந்துவிடுவார், நான் குனிய வேண்டும். அண்ணியின் வாய் என் பக்கம் திரும்பும். அந்த வாய்க்குப் பயந்துதான் இரண்டு நாள்.

பாலோவுக்கு

மூன்றாம் நாள் காலையில், மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி நீலக் காரை எடுத்தேன். பக்கத்து இருக்கையில் செய்தித்தாள் பொட்டலம். அதே செம்பனைச் சாலை. வெயில் மட்டைகளுக்கு நடுவே கோடு கோடாக விழுந்து காருக்குள் ஓடியது. நாங்கள் நின்ற இடம் எது என்று தேடினேன். எல்லா மரமும் ஒரே மாதிரி இருந்தது.

அண்ணி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் முகம் இறுகியது. உள்ளே போய் மேசையில் பொட்டலத்தைப் பிரித்தேன். சுற்றி வளைக்கவில்லை. பச்சைத் தடத்தைக் காட்டினேன், விரிசலைக் காட்டினேன், பன்னீரைச் சொன்னேன். பல்குச்சி வைத்துப் பார்த்ததையும் சொன்னேன். முள் பாதியில்தான் நின்றது, அதனால்தான் அவர் ஊற்றவில்லை, என்னால்தான் முள் பொய் சொன்னது என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அண்ணி அந்தத் தகட்டைத் தொடவில்லை. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்த எதுத்துப் பேசலியே அவன். அத்தன பேர் முன்னால சொன்னேனே," என்றார். பிறகு, "எந்தம்பி பொய் சொல்லத் தெரியாதவன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். கொல்லையில் வெற்றிலைக் கொடி இருந்தது. நான்கு வெற்றிலை பறித்தார். பாக்கு இருந்தது. வாழைப்பழம் இரண்டுதான் இருந்தது, அதிலும் ஒன்று கறுத்திருந்தது. வெள்ளித் தட்டைத் தேட அவருக்குப் பொறுமை இல்லை. சோறு போடுகிற எவர்சில்வர் தட்டில் எல்லாவற்றையும் வைத்து, அச்சடித்த பத்திரிகை ஒன்றையும் வைத்து, மடியில் தட்டோடு காரில் ஏறிக்கொண்டார்.

தட்டு

குளுவாங்கில் எங்கள் வீட்டுக் கேட்டருகே அவர் நின்றிருந்தார். காரைக் காணோம் என்று தேடியிருக்கிறார். அண்ணி இறங்குவதைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அண்ணி மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு அது வராது. தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"தம்பி, சுகுணாவ நீதான் கூட்டிட்டு வரணும். நீ வரலன்னா கல்யாணம் இல்ல."

இவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அண்ணி நான் சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் அழுதுகொண்டே சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் தட்டை வாங்கிக்கொண்டார். அக்காவை உள்ளே உட்காரச் சொன்னார், என்னைத் தேநீர் போடச் சொன்னார்.

அடுப்பங்கரைக்குள் என் பின்னாலேயே வந்தார். நான் திரும்பாமல், "தப்பு என் மேலதாங்க, பன்னீரு..." என்று ஆரம்பித்தேன்.

"பன்னீரு கெடக்குது," என்றார். "தெரியாமச் செஞ்சது. அக்கா திட்டுனதுகூடப் பெரிசில்ல. அன்னிக்கு ஒன்ன எட்டிப் பாருன்னு சொன்னேன். நீ பாக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். கொதிக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி இருக்கை தூரம். கழுத்தை நீட்டியிருந்தால் போதும். முள் பாதியில் நிற்பதை நான் ஒருத்தி பார்த்திருந்தால், உலகமே சொல்லட்டும், அவர் தன் தலையைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார். பன்னீர் தெளித்தது தெரியாமல் செய்தது. எட்டிப் பார்க்காதது, அவரை நம்பாதது, அது தெரிந்தே செய்தது. மன்னிச்சிருங்க என்றேன். அவர் தேநீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கல்யாணத்தன்று காலையில் அண்ணி வீட்டு வாசலில் சுகுணா பின்னால் ஏறினாள், அண்ணி அவள் பக்கத்தில். நானும் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்காரப் போனேன். அவர் முன் இருக்கையில் இருந்த சீர்த்தட்டுகளை எடுத்து அண்ணியின் மடியில் கொடுத்துவிட்டு, "நீ முன்னால வா," என்றார்.

வந்து உட்கார்ந்தேன். அவர் சாவியைப் போட்டார், என்ஜினை எழுப்பவில்லை. மீட்டரைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு காட்டுது?"

எட்டிப் பார்த்தேன். முள் மெதுவாக எழுந்து நிற்கும்வரை காத்திருந்தேன்.

"முக்காலுக்கு மேல இருக்குங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேங்க."

"அப்ப போலாம்," என்று காரைக் கிளப்பினார்.